வேறிடத்தில்

பிள்ளையின் அப்பாவுக்கு,

உங்கள் லோயர் நேற்று கலஹாவில் நம் வீட்டுக்கே வந்து, "அலிபை ஒன்னு இருந்தா போதும், ரிமாண்டுலருந்து எடுத்துடலாம்" என்றார். பேராதனையில் உங்கள் லொறி அந்தப் பால்காரரை மோதிவிட்டு நிற்காமல் போன நேரத்தில், நீங்கள் நம் மகள் வயதுக்கு வந்த பெரியபிள்ளைச் சடங்கில் இருந்ததாக நான் நீதிமன்றத்தில் சொல்ல வேண்டுமாம்.

மகள் 'அலிபை' என்ற அந்தச் சொல்லைப் போனில் தேடிப் பார்த்தாள். லத்தீனாம். 'வேறு', 'அங்கே' என்ற இரண்டு சொற்கள் சேர்ந்து 'வேறிடத்தில்' என்று ஆனதாம். "அப்பா எப்பவும் அங்கதானேம்மா இருந்தாரு" என்றாள். அவள் சிரிக்கவில்லை.

அன்று அவளுக்குத் தண்ணீர் ஊற்றி, சேலை கட்டி உட்காரவைத்துவிட்டு உங்களுக்காகக் காத்திருந்தோம். மாலை போட வந்த என் அண்ணனை, "அப்பா வந்துரட்டும் மாமா" என்று அவள்தான் நிறுத்தினாள். மாலை அவர் கையிலேயே வாடியது. விருந்தாளிகளிடமெல்லாம் லொறி ரிப்பேர் என்று பொய் சொன்னேன். உங்களுக்காகச் சொன்ன கடைசிப் பொய் அது.

நீதிமன்றத்துக்கு வருவேன். நீங்கள் வரவில்லை என்றுதான் சொல்வேன்.

வீட்டில் இருந்ததாகச் சொல்லச் சொல்கிறீர்கள். உண்மையிலேயே இருந்திருந்தால் அந்தப் பால்காரர் இன்று உயிரோடு இருப்பார்.

இப்படிக்கு,
அன்று வாசலைப் பார்த்துக்கொண்டே நின்றவள்