மடுவத்திலிருந்து கொண்டுவந்த உயிர்

தோழி, இன்று இறக்காமத்திலிருந்து வீடு வந்து சவர்க்காரம் போட்டுக் கைகளைத் தேய்த்துக் கழுவினேன். மாட்டு வயிற்றின் அந்தப் புளித்த வாடை விரலிடுக்கை விட்டுப் போகவில்லை. வாடையோடு நீயும் வந்தாய்.

நாம் இருவரும் மிருக வைத்தியர்களாகி ஒரே அலுவலகத்துக்கு வந்த புதிது. நான் பாலமுனைக்காரி. நீ காரைதீவு, பிறந்ததிலிருந்து மச்சம் மாமிசம் தொடாதவள். இறக்காமத்தில் நாம் ராத்தா என்று கூப்பிட்ட ஓர் அக்காவின் சினைப்பசு, களத்தில் குவித்திருந்த நெல்லை வயிறு முட்டத் தின்றுவிட்டுச் சுருண்டு கிடந்தது. கணவரை இழந்த அவருக்கு அந்தப் பசுவின் பால்தான் பிழைப்பு. சோடாத்தூள் கரைத்துப் பருக்கி, வயிற்றில் நெல் புளித்த புளிப்பை அடக்கினோம். பசு எழுந்து நின்றது, ஆனால் புல்லில் வாய் வைக்கவில்லை. அடுத்த நாளும் அப்படித்தான். இடப்பக்க விலாவுக்குப் பின்னால் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டாய். நல்ல மாடென்றால் தூரத்துக் கடல் இரைவதுபோல அங்கே கேட்கும். ஒன்றுமில்லை என்று தலையாட்டினாய்.

"அக்கம்பக்கத்துல எல்லாரும் அறுக்கச் சொல்றாங்க புள்ள," என்றார் ராத்தா. "உசிரோட கிடக்கக்குள்ள அறுத்தாத்தானே ஹலால். செத்துப்போனா ஆருக்கும் உதவாது."

"நாளைக்கு மட்டும் பொறுங்க ராத்தா," என்றாய்.

திரும்பும் வழியில் என்னிடம் கேட்டாய்: "மாடு அறுக்கிற மடுவத்துக்கு உனக்கு வழி தெரியுமா?"

"ஏன் கா?"

"அந்தப் பசுவுக்கு வயிறு இருக்கு, உள்ள வேலைக்காரர்தான் இல்ல. புளிப்புல எல்லாம் செத்துப்போச்சுதுகள். வேற மாட்டுட்ட இருந்துதான் கொண்டு வரணும்."

நாம் சேர்ந்து படித்ததுதான். மாடு தின்ற புல்லை அதன் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள்தான் புளிக்கவைத்துச் சத்தாக்கிக் கொடுக்கின்றன. அவை இல்லாவிட்டால் வைக்கோல் வெறும் பாரம். ஆனால் படித்ததை வாளியோடு போய் அள்ளிவர வேண்டிய நாள் வரும் என்று இருவரும் நினைத்திருக்கவில்லை.

விடிந்ததும் மடுவத்து வாசலில், "நான் போறன், நீ வண்டியில இரி," என்றேன். நீ கேட்கவில்லை. சால்வையால் மூக்கைக் கட்டிக்கொண்டு உள்ளே போனாய். அப்போதுதான் அறுத்த காளையின் இரைப்பையிலிருந்து சாற்றை உன் கையாலேயே வாளிக்குள் பிழிந்தாய். சூடு ஆறக்கூடாதென்று வாளியைச் சாக்கால் சுற்றி, இறக்காமம் வரை மடியில் வைத்திருந்தாய்.

வடிகட்டிக் குழாய் வழியே பசுவின் வயிற்றுக்குள் விட்டோம். நான் பையைத் தூக்கினேன்.

"மருந்தக் குடுத்துட்டு ஓடுறதா? இரி, பார்த்துட்டுப் போவம்," என்றாய்.

வேலியோரம் காத்திருந்தோம். வெயில் சாய்ந்தபோது பசு நீளமாக ஓர் ஏப்பம் விட்டது. பிறகு தாடையை மெல்ல அசைத்து இரைமீட்கத் தொடங்கியது. "அல்ஹம்துலில்லாஹ்," என்று முணுமுணுத்தபடி ராத்தா நிலத்திலேயே உட்கார்ந்துவிட்டார். நீ வரம்போரம் ஓடிப்போய் வாந்தியெடுத்தாய். முகம் கழுவி வந்து, "இப்பதான் என்ட வயிறு வேலை செய்யுது," என்று சிரித்தாய்.

நோய் உன்னைக் கொண்டுபோன பிறகு அந்த வேலையை நான் தனியே செய்ததில்லை. நெல் தின்ற மாடு என்று தொலைபேசி வந்தால் மருந்தோடு நிறுத்திக்கொள்வேன். உன் கை இல்லாமல் அது நடக்காது என்று ஏனோ நம்பியிருந்தேன். இந்த வாரம் அப்படியொரு பசு வந்தது, எந்த மருந்துக்கும் அசையவில்லை. இன்று விடியவே மடுவத்துக்குப் போனேன். சாற்றைக் கொடுத்துவிட்டு, நான் காக்கா என்று அழைக்கும் மாட்டுக்கார அண்ணன் போகச் சொல்லியும் போகாமல் நின்றேன். உன்னிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது அந்தக் காத்திருப்புத்தான். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரம் பசு இரைமீட்டது. காக்கா சிரித்தார். எனக்குக் கண் நிறைந்தது, ஆனால் நெஞ்சு லேசாக இருந்தது.

நீ போனதிலிருந்து பாதிச் சோற்றோடு எழுந்துவிடுவேன். இன்று மீன் ஆணம் ஊற்றிய சோற்றுக் கோப்பையோடு உட்கார்ந்தேன். கோப்பை வெறுமையானதைப் பார்த்த என் கணவர், "இன்னும் கொஞ்சம் போடவா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஓம், போடுங்க," என்றேன்.