யார் பக்கத்து ரத்தம்

பிப்ரவரி 9

அன்பு நாத்தனாருக்கு,

எல்லோரும் இருக்கிறோம்; நலம் என்று எழுதக் கை வரவில்லை. போனில் பேசினால் உன் அம்மா காதில் விழும், அதனால் இந்தக் கடிதம். பாப்பாவுக்கு மறுபடி காய்ச்சல், உடம்பெல்லாம் தடிப்பு. "எங்க பக்கம் யாருக்கும் ஒரு தும்மல்கூட வந்ததில்ல" என்கிறார் உன் அம்மா, மூக்கைத் துடைத்துக்கொண்டே. உன் அண்ணன் வாய் திறப்பதில்லை. அதுதான் எனக்குச் சுடுகிறது.

நீ வேலை பார்க்கும் பரிசோதனைக்கூடத்துக்கு பாப்பா, உன் அண்ணன், நான் மூவரின் ரத்தமும் போய்விட்டது. இன்னொன்று, உனக்கு மட்டும். எனக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது. கோளாறு என்னிடமிருந்துதான் என்றால், இதையும் சுமக்க எனக்குத் தைரியம் இல்லை. பூசி மெழுகாமல் எழுது.

உன் அண்ணி

மார்ச் 2

அன்புள்ள அண்ணி,

முடிவு வந்த கையோடு எழுதுகிறேன். செல்லுக்குள் பழுதான புரதங்களை நறுக்கித் தள்ளும் இயந்திரம் ஒன்று உண்டு. அதன் பாகங்களைச் சேர்த்துப் பூட்ட ஒரு சின்னப் புரதம் உதவுகிறது. அதை உண்டாக்கும் மரபணுவில் பாப்பாவுக்கு ஓர் எழுத்து விடுபட்டிருக்கிறது. இயந்திரம் சரியாகப் பூட்டப்படாததால் கழிவு தேங்குகிறது. எதிரி புகுந்துவிட்டதாக நினைத்து உடம்பு கொதிக்கிறது.

அந்த எழுத்து உங்களிடம் சரியாக இருக்கிறது. அண்ணனிடமும்தான். பாப்பா கருவான வேளையில் புதிதாக நேர்ந்த பிசகு அது. அடுத்த குழந்தைக்கு வரவே வராது என்று சொல்லமாட்டேன். வாய்ப்பு மிகக் குறைவு, வயிற்றில் இருக்கும்போதே பார்த்துவிடலாம். பாப்பாவுக்கு, எதிர்ப்பு அணுக்கள் பிறக்கும் எலும்பு மஜ்ஜையை மாற்றினால் குணமாக வழி இருக்கிறது என்கிறார்கள்.

அண்ணனிடம் பேசுங்கள். ரத்தம் கொடுத்த அன்று எனக்குப் போன் போட்டு, "என்னாலதான் இருக்கும், அவ மூஞ்சியில எப்படி முழிக்கிறது" என்று அழுதான்.

உங்கள் நாத்தனார்

ஏப்ரல் 6

என் அன்பு நாத்தனாருக்கு,

பாப்பாவின் முடிவு, எனக்கு நாள் தள்ளிப்போனது, இரண்டையும் சொல்லிவிட்டேன். சோற்றில் கை வைத்தபடியே உட்கார்ந்திருந்தார் உன் அண்ணன். பிறகு எழுந்து போய் உன் அம்மாவிடம் பரிசோதனை முடிவைச் சொன்னார். "அப்ப யாரைத்தான் திட்டுறது" என்றார் உன் அம்மா. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவருக்கும்.

மஜ்ஜை கொடுக்க முகம் தெரியாத ஒருவர் பொருந்தியிருக்கிறாராம். அடுத்த மாதம் பாப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். பயமாகத்தான் இருக்கிறது. நீ வந்து கூட இரு. எனக்கும் ஸ்கேனுக்கும் நீ சொன்ன கருப் பரிசோதனைக்கும் நாள் குறித்தாயிற்று. உன் அண்ணன் லீவு போட்டுவிட்டார்.

வயிற்றுச் செய்தியை உன் அம்மாவிடம் நாங்கள் இன்னும் சொல்லவில்லை. ஆனால் இன்று காலை என் கையிலிருந்த தண்ணீர்க் குடத்தை வாங்கிக்கொண்டு, "இனிமே இதெல்லாம் தூக்காத" என்று சொல்லிவிட்டுப் போனார்.

உன் அண்ணி