அவளுக்குப் பசி

அன்புள்ள அப்பா,

இல்லை, ஒருவரும் பயப்படவில்லை. சிரித்தார்கள். பேய்ப்படம் என்று வந்தவர்கள், கறுப்பு வெள்ளையைக் கண்டதும் புரொஜெக்டர் பழுது என்று நினைத்தார்கள். நான் சுகம். நீங்கள் பிரஷர் குளிசையை விடாமல் போடுகிறீர்களா?

நேற்றுப் பின்னேரம் வெள்ளவத்தை மண்டபத்தில்தான் என் படத்தைத் திரையிட்டோம். இரத்தம் குடித்து வாழும் ஒருத்தி, கடைசிக் காட்சியில் தூங்கும் குழந்தையைத் தொடாமல் எழுந்து போவாள். அதற்குள் முன்வரிசை தேநீருக்கு எழும்பிவிட்டது. பிறகு நான்கு பேர் கருத்துரை. திரைப்படச் சங்கத் தலைவர் சவுந்தரநாயகம் ஐயா, "பிள்ளை, அவள் எங்கட சனத்தின்ர குறியீடு," என்றார்.

"இல்லை ஐயா, அவளுக்குப் பசி."

"அது உமக்கே தெரியாமல் வந்திருக்கு."

இரண்டு வருடம், அப்பா. ஒவ்வொரு காட்சியையும் நானே எழுதி, நானே வெட்டி ஒட்டினேன். எனக்குத் தெரியாமல் வந்ததாம்.

மன்னாரிலிருந்து மெல்ரோய் அண்ணா வரும்போது கொஞ்சம் கருவாடு கொடுத்துவிடுங்கள். ஞாயிறு பின்னேரம் கோல் எடுங்கள். அறையில் வேறு ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

வேலைக்கு நேரமாகிறது. ஏற்புரைக்கு எனக்கு இரண்டு நிமிடம் தந்தார்கள். நான் பேச்சுக்குப் பதிலாக விளக்கை அணைத்து, கடைசிக் காட்சியை மறுபடி ஓடவிட்டு, கதவை மறித்து நின்றேன்.

உங்கள் மகள்,
டெனிஷா