பக்கத்துப் படுக்கையின் அழுகை

ஆகஸ்ட் 6, செவ்வாய்

மகன் சுபுஹான் பிறந்து மூன்று நாள். பால் இல்லை. அவன் முகத்தைப் பார்க்கிறேன். யாரோ கொடுத்துவைத்த பொருள் போல இருக்கிறான். இதை யாரிடம் சொல்வது?

எம்.எஸ்சி. தேர்வில் ஆக்ஸிடோசின் பற்றி நான்கு பக்கம் எழுதியவள் நான். கருப்பையைச் சுருக்கும், பாலை இறக்கும், தாயையும் பிள்ளையையும் பிணைக்கும். பயந்து கிடந்தால் தடைப்படும். பிரசவத்தன்று வலி ஊசி என்று எனக்கு ஏற்றியதும் அதுதான். முதல் வேலையை மட்டும் முடித்துவிட்டுப் போய்விட்டது.

மாமி, கணவரின் அம்மா, சொன்னார்: "இன்னா படிச்சி இன்னா? பால் இறங்கலியே."

ஆகஸ்ட் 7

எடை இன்னும் குறைந்திருக்கிறது. நர்ஸ் நிர்மலா: "நாளைக்கும் கொறஞ்சா தனி வார்டுல வெச்சிக்குவோம்மா."

அழுகைகூட வரவில்லை.

ஆகஸ்ட் 8, காலை

பக்கத்துப் படுக்கை ஆயம்மாளுக்கு ஜுரம். கல்வராயன் மலையிலிருந்து வந்தவள். ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவளுடைய பெண் குழந்தை வீறிட்டது. புருஷன் அம்மாசி அதைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார்.

என் நைட்டி நனைந்தது.

என் மகன் தூங்குகிறான். எனக்குப் பால் இறங்கியது அந்தக் குழந்தையின் அழுகைக்கு! வெட்கமாக இருந்தது. ஆனாலும் கை நீட்டினேன். நிர்மலா என்னுடையது, ஆயம்மாளுடையது என இரண்டு ரத்த ரிப்போர்ட்டையும் புரட்டிவிட்டு, "குடுங்க" என்றார்.

மாமிதான் பதறினார். "யோசிச்சிக்க ஷாஜியா. நம்ம மார்க்கத்துல, ஒன் பால குடிச்சா ரெண்டும் அண்ணன் தங்கச்சி. நாளைக்கி நிக்காஹ் பண்ண முடியாது."

அம்மாசி: "ஏம்மா, எம் பொண்ணக் கேட்டு மலையேறலாம்னா இருந்தீங்க?"

வார்டே சிரித்தது. மாமியும். நானும் — தையல் வலிக்க வலிக்க. சிரித்ததில் பால் இன்னும் பெருகியது.

அவள் குடிக்கக் குடிக்க உள்ளே ஒரு தவிப்பு. போதும்டி, அவனுக்கு மிச்சம் வை.

அவனுக்கு.

நானா நினைத்தேன்? நான்தான்.

எழுப்பினேன். காது அசைய அசையக் குடித்தான்.

ஆகஸ்ட் 9

இருபது கிராம் ஏறியிருக்கிறான்.

அக்டோபர் 16, புதன்

குழந்தைக்குத் தடுப்பூசி போட்டுவிட்டு, ஒரு பை சாமையோடு ஆயம்மாள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். நான் அறையிலிருந்து எழுவதற்குள் வாசலில் மாமியின் குரல்:

"டேய் சுபுஹான், எழுந்துருடா. ஒன் தங்கச்சி வந்துக்கீறா."