சேற்றுக்கு ஒரு பிடி

நாள் 141. காலை 8.10
மன்னார் வளைகுடா, ஆழம் 40 மீட்டர். மின்னோட்டம் 4.1 ஆம்பியர். எல்லாம் வழக்கம்போல.

இதைக் கண்டெடுப்பவருக்கு: நான் பூங்கோதை, நுண்ணுயிர் ஆய்வாளர். கூட இருப்பவர் முக்குளிப்பவர் மிக்கேல் பர்னாந்து. இங்கே விளக்கும் மூச்சுக்காற்றும் கடலடிச் சேற்றின் தயவு. சேற்றிலிருக்கும் பாக்டீரியா செத்ததைத் தின்று மின்சாரம் தரும். புதைத்து வைத்த கரித்தகடுகள் அதை வாங்கிக்கொள்ளும். காக்கைக்கு வைப்பதுபோல, சாப்பிடும் முன் சேற்றுக்கும் ஒரு பிடி சோறு குழாய் வழியே போடுவேன். பசித்தால் அது நம்மையே தின்றுவிடும் என்று மிக்கேல் அண்ணன் கேலி செய்வார். நாள் 88இல் செத்த ஆமை ஒன்று தகடுகள்மேல் விழுந்து மின்னோட்டம் இரட்டித்தது. அதிலிருந்து அந்தக் கேலிக்கு எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

நாள் 144. முற்பகல் 11.30
மேலே புயல். கப்பல் இன்னும் நான்கு நாள் கழித்துத்தான் வரும். மின்னோட்டம் 1.6. அலையடிப்பில் எங்கோ ஒயர் கழன்றிருக்க வேண்டும். மிக்கேல் அண்ணன் வெளியே போயிருக்கிறார். அவர் முதுகில் இரண்டு மணி நேரத்துக்குக் காற்று உண்டு. இத்தனை நாள் ஆழத்தில் இருந்த உடம்போடு நேரே மேலே நீந்தினால் சாவுதான். அவர் திரும்பும்வரை கீழ்க்கதவு திறந்திருக்க வேண்டும். தண்ணீர் உள்ளே ஏறாதபடி காற்றை அழுத்தும் பம்ப் ஓடுகிறது, பாட்டரியைக் குடித்துக்கொண்டு.

பகல் 12.20
அவர் குரல்: "டாக்டரம்மா, சேறு முழங்கால் வரைக்கும் பிடிச்சிருச்சி. ஒயரு கைக்கு எட்டுது, ஆனா..."
தொடர்பு அறுந்தது.

பகல் 12.41
மின்னோட்டம் ஒரே நிமிடத்தில் 1.6லிருந்து 8.3. விளக்கெல்லாம் கண் கூசுகிறது.

21 நிமிடமாக அவர் குரல் இல்லை. ஆமை விழுந்தபோதும் இரட்டித்தது. சேறு அவரை எடுத்துக்கொண்டது. கண் ஏமாற்றும், மீட்டர் ஏமாற்றாது. பதினெட்டு வருடமாக அப்படித்தான் வேலை பார்க்கிறேன்.

கீழ்க்கதவை மூடிவிட்டேன். அது உள்ளிருந்து மட்டுமே திறக்கும். மின்சாரத்தை மிச்சம் பிடிக்க என்று எழுதலாம். பயந்துதான் மூடினேன்.

பகல் 1.05
அடியில் ஏதோ தட்டுகிறது. மூன்று, பிறகு மூன்று. நீரோட்டத்தில் நங்கூரச் சங்கிலி ஆடுகிறது போலும். காதில் பஞ்சு வைத்துக்கொண்டேன்.

பகல் 1.34
பஞ்சை எடுத்தேன். சத்தம் நின்றுவிட்டது.

நாள் 145. காலை 9.00
ஒப்பிட்டுப் பார்க்க ஆமையின் பதிவை எடுத்தேன்.

விழுந்தது நாள் 88. மின்னோட்டம் ஏறத் தொடங்கியது நாள் 91. அழுக வேண்டும், பாக்டீரியா பெருக வேண்டும். மூன்று நாள். எனக்கே தெரியும். நானே எழுதிவைத்தது.

நேற்று ஏறியது ஒரு நிமிடத்தில். அது தின்றதல்ல. ஒயரை மாட்டியதும் ஏறியது. துருவேறிய பழைய இணைப்புகளையும் சுரண்டி மாட்டியிருக்கிறார், அதனால்தான் 4.1ஐத் தாண்டி 8.3. மிக்கேல் அண்ணன் மாட்டிவிட்டார். காலைச் சேற்றிலிருந்து உருவிக்கொண்டு கதவு வரை வந்தும்விட்டார். நான் கதவை மூடியபோது அவரிடம் ஐம்பது நிமிடக் காற்று இருந்தது.

காலை 9.40
பம்பை ஓடவிட்டுக் கதவைத் திறந்தேன். ஏணியின் கடைசிப் படியில், கதவைத் தட்டிய அவருடைய இரும்புக் கம்பி, கயிறு போட்டுக் கட்டியிருந்தது. எதையும் கண்ட இடத்தில் போடமாட்டார். டார்ச் அடித்தேன். ஏணியடியில் உட்கார்ந்திருக்கிறார். இடுப்பு வரை சேறு. என் கை எட்டவில்லை. இரண்டாவது முக்குளிப்பு உடை இங்கே இல்லை.

அங்கேயும் தகடுகள் புதைத்திருக்கிறோம். இருவரும் சேர்ந்துதான் புதைத்தோம்.

நாள் 146
மின்னோட்டம் 8.3. காற்று தாராளம். அவர் கொடுத்தது. நான் மூச்சு விடுகிறேன், அவ்வளவுதான்.

நாள் 147. காலை 7.15
கப்பலிலிருந்து: "நிலையம், கேக்குதா? புயல் ஓஞ்சிருச்சி. நாளைக்குக் காலைல வந்துருவோம். மிக்கேல் அண்ணன் வீட்டுக்காரங்க பேசணும்னு லைன்ல நிக்காங்க. அண்ணனக் கூப்புடுங்க டாக்டரம்மா."

மைக்கைக் கவிழ்த்து வைத்தேன்.

காலை 7.40
மறுபடி கப்பல்: "நிலையம். அண்ணன் எங்க?"

காலை 8.10
மின்னோட்டம் 8.4.

பகல் 12.10
8.6. மெதுவாகத்தான் ஏறுகிறது. ஆமையின் வரைபடக் கோட்டை இதன்மேல் வைத்துப் பார்த்தேன். இம்மி பிசகவில்லை.

இன்று சேற்றுக்கு நான் சோறு போடவில்லை.