குடை பிடித்து நிற்பவள்

என் வீட்டுக்காரருக்கு,

நீங்கள் மரப்பலகையில் செதுக்கி அச்சிட்டு அனுப்பிய சென்னை மழைத்தெருப் படம் வந்தது. ஈரத்தில் விளக்கொளி கரைவது அழகுதான். இங்கே பச்சைத்தேயிலைக்கு விலை விழுந்து, எஸ்டேட்டில் யாரையும் வேலைக்குக் கூப்பிடுவதில்லை. அதனால் பார்த்துக்கொண்டே இருக்க நேரம் கிடைத்தது.

குடை பிடித்து நிற்பவள் நான்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். பக்கத்து வீட்டு ரேணுகாவும், "ஏனுங்கக்கா, அப்படியே உங்களாட்டவே இருக்குதுங்க" என்றாள்.

படத்தில் இருப்பவளுக்கு மூக்குத்தி இடப்பக்கம். எனக்கு வலப்பக்கம்.

பலகையில் இடம் வலம் மாற்றிச் செதுக்கினால்தான் தாளில் நேராக விழும். அதை மறந்துவிட்டீர்கள் என்று நினைக்கத்தான் ஆசைப்பட்டேன். ஆனால் அவளுக்குப் பின்னால் இருக்கும் கடையின் பெயர்ப்பலகையில் ஒவ்வோர் எழுத்தும் நேராகவே இருக்கிறது.

தீபாவளிக்கு வர வேண்டாம்.

இப்படிக்கு,
வலப்பக்கம் மூக்குத்தி போட்டவள்