உள்ளே ஒன்றுமில்லாத டப்பா

அன்புள்ள பொன்செல்விக்கு,

நீயும் பாப்பாவும் சுகம்தானே? எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஒர்க்‌ஷாப்பில் ஒரு சின்னக் கூத்து. ஒரு பழைய காரில் இன்ஜின் விளக்கு அணையவே மாட்டேன் என்றது. ஸ்கேனரை மாட்டினால் புகைக் கோளாறு என்று எரர் கோட் வரும். "அழிச்சு விடுடா" என்பார் முதலாளி. அழித்தால் அணையும், நாலு நாளில் மறுபடி எரியும். இந்தத் தடவை எரிச்சலில் சைலன்சர் குழாயையே கழற்றினேன். புகையைச் சுத்தம் செய்யும் டப்பாவுக்குள் ஒன்றுமே இல்லை; உள்ளே இருக்க வேண்டிய விலை உயர்ந்த உலோகத்தைக் காணோம். "எவனோ சுரண்டி வித்துட்டான்" என்று கார்க்காரர் முன்னாலேயே கத்திவிட்டேன். விற்றது முதலாளிதான் என்று எனக்கு எப்படித் தெரியும்?

"என்டெ வண்டி வேறெ எவிடேயும் போயிட்டில்லடா!" (என் வண்டி வேறெங்கும் போனதில்லை) என்று மலையாளத்தில் கத்திக் கார்க்காரர் ஒரே குத்தில் முதலாளியின் மூக்கை உடைத்தார். முதலாளி, "எடா பாண்டி, உன் வாய்தான்டா!" என்று வீல் ஸ்பானரை என் தோளில் இறக்கினார். தமிழன் என்றால் இங்கே 'பாண்டி'தான். நானும் ஜாக்கியைத் தூக்கினேன். நல்லவேளை, நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள்.

வேறு ஒர்க்‌ஷாப்பில் வேலை கேட்டிருக்கிறேன். முன்னால் பட்டன் வைத்த சட்டை இரண்டைத் இங்கே தம்பானூர் ஸ்டாண்டுக்கு வரும் பஸ்ஸில் கொடுத்துவிடு. இங்கே இருப்பதெல்லாம் தலைவழியே மாட்டும் பனியன். அதைப் போடக் கையைத் தூக்க வேண்டியிருக்கிறது.

அவசரத்தில்,
பிரவின்ராஜ்